வெள்ளிக்கிழமை வைரங்கள்

தாளாளர் அறையில் அன்று இருந்தவர்கள் இவர்கள். நீள மேசையின் தலைமாட்டில், சக்கரம் வைத்த உயரமான நாற்காலியில், தாளாளர் சேவுகன். அவருக்கு வலப்பக்கம், ஏசிக் காற்று நேரே முகத்தில் படுகிற இடத்தில், எங்கள் கல்லூரியின் ஆராய்ச்சி டீன் முனைவர் ரகுநாத். திருமயத்து வெயிலில் கோட்டுப் போட்டு வருகிறவர் வேறு எங்கே உட்காருவார்? இடப்பக்கம் இயற்பியல் துறை உதவிப் பேராசிரியனான நான், சவரிநாதன். கூட்டக் குறிப்பு எழுதுகிற வேலை எப்போதும் என் தலையில்தான். எனக்கு அடுத்து ஒரு நாற்காலி விட்டு, ஆராய்ச்சி மாணவி ஹுமா. கதவோரம், பெற்றோருக்கென்று போட்டிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலியில், ஹுமாவின் தகப்பனார் ஜெகபர் சாதிக். கதவுக்கு வெளியே, உட்காராமல், அட்டெண்டர் அழகுமலை.

முனைவர் பட்ட ஆய்வை முடிக்கப்போகிற பெண்ணின் தகப்பனாரை எதற்காக வரச் சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். எங்கள் கல்லூரியில் அதுதான் வழக்கம். முதலாமாண்டுப் பையன் செல்போனோடு பிடிபட்டாலும் சரி, ஆராய்ச்சி மாணவி ஒரு கட்டுரையில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றாலும் சரி, நிர்வாகத்துக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான்: பேரண்ட்ஸைக் கூட்டிக்கொண்டு வா. ஜெகபர் சாதிக் கோட்டைப்பட்டினத்தில் மீன் ஏலம் எடுத்து அனுப்புகிறவர். அன்றைய ஏலத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்து, மகள் என்ன தப்புச் செய்தாள் என்று தெரியாமல் முழங்காலில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"வாங்க பாய், உக்காருங்க" என்றார் தாளாளர், ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து. "ஒங்க மக பெரிய சாதனை பண்ணிருக்கு. உலகத்துல யாரும் பண்ணாதது. ஆனா பண்ணலைன்னு அதுவே சொல்லுது. நீங்களே கேளுங்க இந்த அநியாயத்த."

ஜெகபர் சாதிக் மகளைப் பார்த்தார். ஹுமா மேசையைப் பார்த்தாள்.

விஷயம் இது. ஹுமாவின் ஆய்வு வைரத்தைப் பற்றியது. வைரத்துக்குள் ஒரு கார்பன் அணு இருக்க வேண்டிய இடத்தில் நைட்ரஜன் அணு வந்து உட்கார்ந்து, அதற்குப் பக்கத்து இடமும் காலியாக இருந்தால், அந்தக் குறையில் இருக்கும் எலக்ட்ரான்கள் மிகச் சிறிய காந்தம் போல நடந்துகொள்ளும். அந்தக் காந்தச் சுழற்சியை க்யூபிட்டாக, அதாவது குவாண்டம் கணினியின் அடிப்படை அலகாக, பயன்படுத்தலாம். பச்சை லேசர் அடித்தால் அந்த இடம் சிவப்பாக மினுங்கும். சரியான மைக்ரோவேவைக் கொடுத்தால் அந்த மினுக்கம் லேசாக மங்கும். மங்கினால்தான் நாம் பார்ப்பது சுழற்சியை என்று அர்த்தம். மங்காவிட்டால் நாம் வேறு எதையோ பார்த்துப் புல்லரித்துக்கொண்டிருக்கிறோம்.

இப்படி இரண்டு வைரங்களைத் தள்ளித் தள்ளி வைத்தால் ஒன்றின் காந்தம் மற்றதற்கு எட்டாது. எட்ட வைக்க, நடுவே கார்னெட் என்ற மெல்லிய காந்தப் படலத்தைப் போடுகிறார்கள். அரிமளம் டவுன் பஸ்ஸில் நெருக்கியடித்து நிற்கும்போது பின்படிக்கட்டில் ஒருவர் சாய்ந்தால், அந்தச் சாய்வு ஆளுக்கு ஆள் கைமாறி டிரைவர் முதுகு வரைக்கும் போகும். யாரும் இடம் மாறுவதில்லை; சாய்வு மட்டும் போகிறது. காந்தப் படலத்தில் அப்படிப் போகிற சாய்வுக்கு மேக்னான் என்று பெயர். அதைத் தூது விட்டு இரு முனையிலும் இருக்கிற சுழற்சிகளைப் பின்னிவிட முடியுமா, முடியுமென்றால் எவ்வளவு தூரம், எவ்வளவு குளிரில் என்பதுதான் ஹுமா போட்ட கணக்கு. விடையும் தெளிவாக வந்திருந்தது. முடியும், ஆனால் மயிரிழையைவிடச் சின்ன தூரத்தில், ஹீலியம் ஊற்றி உறைய வைத்த குளிரில். சாதாரண அறையின் சூட்டில் படலம் முழுக்கத் தானாகவே ஆடிக்கொண்டிருக்கும். பள்ளத்தில் விழுந்து விழுந்து போகிற பஸ்ஸில் முதலில் சாய்ந்தது யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதைச் செய்து காட்டியவர்கள் எங்களுக்குத் தெரிந்து இன்னும் யாரும் இல்லை. ரகுநாத் செய்துவிட்டார். பாதி விரல்நகத் தூரத்தில், திருமயம் பக்கத்தில், ஸ்ப்ளிட் ஏசி ஓடுகிற அறையில்.

அவர் எழுதிய கட்டுரையில் 'தாழ்ந்த வெப்பநிலையில்' என்று ஒரு வரி இருந்தது. எத்தனை டிகிரி சார் என்று கேட்டேன். "பதினாறு. அதுக்குக் கீழ அந்த ரிமோட் போகாது" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

கட்டுரையில் முதல் பெயர் ஹுமா, மூன்றாவது பெயர் நான், நடுவில் அவர். அவர் தன் பெயரை முதலில் போடாததற்குப் பெருந்தன்மை காரணமில்லை. கேள்வி வந்தால் முதல் பெயர்தான் பதில் சொல்ல வேண்டும். ஹுமா அதில் கையெழுத்துப் போட்டால் தன் ஆய்வேட்டைத் தானே பொய்யென்று ஒப்புக்கொண்டதாகும். முடியாது என்று கணக்குப் போட்டவளே முடிந்துவிட்டது என்று எழுதிக் கொடுப்பது. போடாவிட்டால் ரகுநாத் ஆய்வேட்டை அனுப்ப மாட்டார். அவர்தான் நெறியாளர். நானும் அதில் இன்னும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை.

இனி அந்த வைரங்கள் பின்னிக்கொண்ட கதை.

ஆயுத பூஜைக்கு எங்கள் கல்லூரியில் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்போம். கம்ப்யூட்டர், யுபிஎஸ், மல்டிமீட்டர், தீயணைக்கும் சிலிண்டர், தாளாளரின் இன்னோவா. அதில் யாருக்கும் குறையில்லை. ஆவூர்க் கோயிலில் ஞானஸ்நானம் வாங்கிய நானும் பொரிகடலை தின்றுவிட்டுத்தான் வந்தேன். ஹுமா விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தாள். ரகுநாத் அன்று வைரங்கள் ஒட்டிய கண்ணாடித் துண்டை அதன் பெட்டியிலிருந்து எடுத்து, திறந்தபடி சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறார். பத்திரமாக மூடி வைக்க வேண்டிய சாமானைப் பழத்தட்டுக்குப் பக்கத்தில் வைக்கிற விஞ்ஞானி அவர். "ஒண்ணு விடாம வைய்யா" என்று அழகுமலைக்கு உத்தரவு. அழகுமலை கை சுத்தமான ஆள். கண்ணாடித் துண்டின் இரு முனையிலும் கடுகளவு சந்தனம், அதன் மேல் ஊசிமுனையளவு குங்குமம்.

மறுவேலைநாள் ரகுநாத் கண்ணாடித் துண்டைத் தன் கர்ச்சீப்பால் துடைத்தார், லேசருக்கு அடியில் வைத்தார், திரையைப் பார்த்தார், ஓவென்று கத்தினார்.

அதற்கு முன்பு அந்த வைரங்கள் அங்கே சரியாக மினுங்கியதே இல்லை. எங்கள் லென்ஸ் மட்டம், லேசர் மட்டம். இப்போது இரண்டு முனையும் ஜெகஜ்ஜோதி. திரையில் இரண்டு கோடுகள். ஒன்று இறங்கினால் மற்றதும் இறங்குகிறது. ஒன்று ஏறினால் மற்றதும் ஏறுகிறது.

"பாருய்யா சவரி! ஒண்ணுக்கு வலிச்சா இன்னொண்ணு அழுவுது! இதுக்குப் பேரு என்ன?"

இரண்டுக்கும் ஒரே லேசரைத்தான் பாதி பாதியாகப் பிரித்து விட்டிருக்கிறோம் என்றேன். விடுதி மோட்டார் ஓடும்போதெல்லாம் கரண்ட் இறங்கும், லேசர் மங்கும், இரண்டும் சேர்ந்துதான் மங்கும் என்றேன்.

"ஒனக்குப் பொறாமை" என்றார்.

ஊரிலிருந்து வந்த ஹுமா முதல் காரியமாக மைக்ரோவேவைக் கொடுத்துப் பார்த்தாள். கோடுகள் அசையவில்லை. மைக்ரோவேவை அணைத்தாள். அப்போதும் அசையவில்லை. அதைச் சொல்லப் போனபோது ரகுநாத், "மைக்ரோவேவே இல்லாம வேலை செய்யுதுன்னா அது இன்னும் பெரிய டிஸ்கவரிம்மா. தனி பேப்பர் போடலாம்" என்றார்.

அடுத்த வாரத்துக்குள் சிக்னல் குறைய ஆரம்பித்தது. அதற்கும், குவாண்டம் பின்னல் தானாகவே கலைந்துபோவதைக் குறிக்கிற ஒரு வார்த்தை அவரிடம் தயாராக இருந்தது. "டிகோஹெரன்ஸ். எல்லா பேப்பர்லயும் இருக்கு. நம்மளுதுல இல்லேன்னாத்தான் சந்தேகப்படுவாங்க." சொல்லிவிட்டு அழகுமலையைக் கூப்பிட்டார். பூஜை போட்டுத்தான் சிக்னல் வந்தது, ஆகவே ராசியான சாமான், ஆகவே வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தக் கண்ணாடித் துண்டுக்குப் பொட்டு. எங்களிடம் இதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று அவருக்குத் தோன்றவுமில்லை. மின்விசிறிக்கு எண்ணெய் போடச் சொன்னதைப் போல அவருக்கு அது.

நியூஸ் பேப்பருக்குச் செய்தி போனது. 'திருமயம் அருகே பேசிக்கொண்ட இரட்டை வைரங்கள்' என்று போட்டார்கள். கோட்டோடு ரகுநாத், மாலையோடு தாளாளர். தாளாளர் வீட்டம்மா ஆய்வகத்துக்கு வந்து பார்த்துவிட்டு, ஆராய்ச்சி முடிந்ததும் அந்த இரண்டையும் மூக்குத்தியில் வைக்கலாமா என்று கேட்டார்கள். அன்று முழுக்கக் கேட்கப்பட்டதில் விவரமான கேள்வி அதுதான்.

ஹுமா அளந்துகொண்டே இருந்தாள். தினமும் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை மினுக்கத்தை அளந்து கோடு போட்டாள். ஒரு சனிக்கிழமை அந்தக் கோட்டை என் மேசையில் கொண்டுவந்து வைத்தாள். ரம்பப் பல் மாதிரி இருந்தது. மெல்லச் சரிகிறது, திடீரென்று நெட்டுக்குத்தாக ஏறுகிறது, மறுபடி சரிகிறது.

"ஏறுற நாளப் பாருங்க சார்."

பார்த்தேன். எல்லாம் வெள்ளிக்கிழமை.

"வைரத்துக்கு வெள்ளிக்கெழம என்ன சார் விசேஷம்? எங்களுக்குன்னா ஜும்ஆ. அதுக்கு என்ன?"

அந்த நேரம் பார்த்து அழகுமலை டீ கொண்டுவந்தார். ஹுமா சும்மாதான் கேட்டாள்: "அண்ணே, வெள்ளிக்கெழம லேபுக்குள்ள நீங்க எதுவும் பண்றீங்களா?"

"வேறென்னத்தப் பண்றேன். வெளக்கேத்துவேன், பத்தி காட்டுவேன். அந்தக் கண்ணாடிக்குப் பொட்டு வைப்பேன். டீன் சார்தான் வைக்கச் சொல்லிருக்காரு. அப்புறம் அவரே வந்து கர்ச்சீப்ப வச்சுத் தொடச்சுருவாரு. தொடைக்கிறதுக்கு எதுக்கு வைக்கச் சொல்றாருன்னு நானும் கேக்கலை."

ஹுமா டீயைக் கீழே வைத்தாள். கடைக் குங்குமத்தில் போடுகிற சாயம் பச்சை லேசரில் செக்கச் சிவக்க ஒளிரும். வைரத்தின் மினுக்கத்தைவிடப் பல மடங்கு. கர்ச்சீப்பால் துடைத்தாலும் சந்தனத்தோடு ஊறிய கறை போகாது. லேசரில் நாள்பட வெளுக்கும், அதுதான் டிகோஹெரன்ஸ். வெள்ளிக்கிழமை மறுபடியும் ஏறும்.

முதலில் ரகுநாத்திடம்தான் சொன்னோம், மரியாதையாக, கதவைச் சாத்திக்கொண்டு. அவர் கேட்டுக்கொண்டார். கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதே கர்ச்சீப்பா என்று எனக்குச் சந்தேகம். "இத வெளிய சொல்லிட்டுத் திரியாதீங்க" என்றார். அவ்வளவுதான் அவருடைய விஞ்ஞான விளக்கம். மறுநாள் ஹுமாவின் வீட்டுக்குப் போன் போனது.

அப்படித்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை நாங்கள் தாளாளர் அறையில் உட்கார்ந்திருந்தோம். அடுத்த வாரம் கல்லூரிக்குத் தரச்சான்று கொடுக்கிற குழு வருகிறது. ஹுமா கட்டுரைப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். குழு முன்னால் நின்று இரட்டை வைரத்தை விளக்க வேண்டும். இது தாளாளரின் கோரிக்கை. கோரிக்கை என்றுதான் குறிப்பில் எழுதச் சொன்னார்.

"ஒரு கையெழுத்துதானம்மா" என்றார் ஜெகபர் சாதிக், மெதுவாக. "பெரியவங்க கேக்குறாக. நம்ம வேலை முடியணும்ல. இன்னும் எத்தன வருசம் பஸ்ஸுல அலையிறது?"

"அத்தா, நடக்காதத நடந்துச்சுன்னு எழுதிக் கொடுக்கச் சொல்றாங்க."

"அவுக படிச்சவுக. பொய்யாவா சொல்வாக?"

"அப்படிக் கேளுங்க பாய்!" ரகுநாத் முன்னால் சாய்ந்தார். "இந்தப் பேப்பர் வந்துச்சுன்னு வைங்க, ஒங்க பொண்ணு ஜெர்மனி போகலாம், ஜப்பான் போகலாம். நான் ரெக்கமெண்டேஷன் குடுப்பேன். கடுகு சைஸ் விஷயத்துக்குப் பிடிவாதம் பிடிக்குது."

"கடுகு சைஸ் கூட இல்ல சார். ஊசிமுனை சைஸ்" என்றாள் ஹுமா.

தாளாளருக்குப் புரியவில்லை. புரிய வேண்டிய அவசியம் அவருக்கு எப்போதும் வந்ததில்லை. "என்னம்மா சொல்ற?"

"லேபுக்கு வாங்க சார். அஞ்சு நிமிஷம். அத்தா, நீங்களும் வாங்க."

ரகுநாத் மறுத்தார், கருவி சூடேற வேண்டும் என்றார், அளவீட்டில் குறுக்கிடக் கூடாது என்றார். ஆனால் தாளாளர் எழுந்துவிட்டார். ஆய்வகத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் அந்த இரட்டைக் கோட்டைக் காட்டிக் காட்டி அவருக்கும் அதில் ஒரு ஆசை வந்திருந்தது.

ஹுமா வைரத்தையும் கார்னெட் படலத்தையும் அப்படியே எடுத்துப் பெட்டியில் வைத்து மூடினாள். தாவரவியல் துறையில் வாங்கிவந்த புதுக் கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்தாள். "அண்ணே, குங்குமம்" என்றாள். அழகுமலை கிண்ணத்தை நீட்டினார். குச்சி முனையில் தொட்டு இந்த முனையில் ஒன்று, அந்த முனையில் ஒன்று. லேசருக்கு அடியில் வைத்துத் திரையைப் போட்டாள்.

இரண்டு கோடுகள் வந்தன. விடுதி மோட்டார் ஓடத் தொடங்கியது. இரண்டும் கைகோத்துக்கொண்டு இறங்கின.

"அட, வந்துருச்சு பாருங்க!" என்றார் தாளாளர் சந்தோஷமாக.

ஜெகபர் சாதிக் பெட்டியைப் பார்த்தார், கண்ணாடித் துண்டைப் பார்த்தார். "வைரம் எங்கம்மா?"

"பெட்டிக்குள்ள, அத்தா."

"அப்ப இங்க மின்னுறது?"

"குங்குமம்."

அவர் திரைக்குக் கிட்டே குனிந்து பார்த்தார். அப்புறம் தோள் குலுங்கியது. இருமுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். "இதுக்கா சார் என்னைய ஏலத்த விட்டுட்டு வரச் சொன்னீங்க?"

அழகுமலை கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அவரு சொன்னதத்தாங்க நான் செஞ்சேன்" என்றார், யாரும் அவரைக் கேட்காதபோதே.

ஒரு மனிதனுக்கு வெட்கம் என்று ஒன்று இருந்தால் அந்த இடத்தில் வந்திருக்கும். ரகுநாத் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "இது ஒரு கண்ட்ரோல் எக்ஸ்பெரிமெண்ட். இதனால ஒரிஜினல் தப்புன்னு ஆகாது. வைரமும் பின்னிக்கலாம், குங்குமமும் பின்னிக்கலாம்" என்றார்.

தாளாளர் மறுபடியும் தன் அறைக்கு, தன் நாற்காலிக்கு வந்த பிறகுதான் யோசித்தார். அந்த நாற்காலியில் இல்லாமல் அவரால் யோசிக்க முடியாது. "வைரமோ குங்குமமோ, மின்னுதுல்ல?" என்றார். "பேப்பர்ல போட்டாச்சு. கலெக்டர் ஆபீஸ்ல கூப்பிட்டு வாழ்த்துனாங்க. இப்பப் போயி குங்குமம்னு சொன்னா என் மூஞ்சிய எங்க வச்சுக்கிறது? கமிட்டி வந்துட்டுப் போகட்டும். அப்புறம் மெதுவா, அந்த வைரம் ரிப்பேர் ஆயிருச்சுன்னு சொல்லிக்கலாம். என்ன சவரி, எழுதிக்கிட்டீங்களா?"

"எழுதிக்கிட்டேன் சார். ரிப்பேர்."

"ஏம்மா, ஒன் கையெழுத்து?"

"போட மாட்டேன் சார்."

ரகுநாத் இதற்காகவே காத்திருந்தவர் போல நாற்காலியில் சாய்ந்தார். "பரவால்ல, விடுங்க சார். ஃபார்மாலிட்டிக்குத்தான் கேட்டேன். லேட்டானா டெட்லைன் போயிரும்னு நேத்தே நானே அவ கையெழுத்தப் போட்டு அனுப்பிட்டேன். சவரியோடதையும் சேத்துத்தான்."

எவ்வளவு சாதாரணமாகச் சொன்னார் என்பதை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்த பார்சலை வாங்கி வைத்தேன் என்பது போல.

அறையில் முதலில் அசைந்தது கதவோரத்துப் பிளாஸ்டிக் நாற்காலி. ஜெகபர் சாதிக் எழுந்திருந்தார். சிரிப்பு போயிருந்தது.

"எம்மக கையெழுத்த நீங்க போட்டீங்களா?"

"அது ஸ்கேன்தான் பாய். ஃபைல்ல இருந்துச்சு..."

"போட்டீங்களா, போடலையா?"

ரகுநாத் தாளாளரைப் பார்த்தார். தாளாளர் ஏசி ரிமோட்டைப் பார்த்தார்.

"ஏலத்துல ஒருத்தன் பேருல இன்னொருத்தன் கேட்டா எங்க கரையில என்ன பண்ணுவாகன்னு தெரியுமா சார்? மறுநாள் அந்த ஆளு ஏலத்துக்கே வர முடியாது. யாரும் பேச மாட்டாக, வெல சொல்ல மாட்டாக." அவர் மகள் பக்கம் திரும்பினார். "நான்தான் போடச் சொன்னேன். தெரியாமச் சொன்னேன். எந்திரி, போவோம்."

"இந்தப் பொண்ணு ஆய்வேட்ட நான் அனுப்ப மாட்டேன். நெறியாளர் நான்!" என்றார் ரகுநாத், எழுந்திருக்காமல்.

"அதுக்கும் சேர்த்துத்தான் சார் எழுதப்போறோம்" என்றாள் ஹுமா.

நான் கூட்டக் குறிப்பை முடித்து, வந்தவர்கள் பெயருக்கு நேரே கையெழுத்து வாங்குவதற்காகத் தாளை நீட்டினேன். பழக்கம். ரகுநாத் சொன்ன 'நேத்தே நானே போட்டு அனுப்பிட்டேன்' என்ற வரியும் அதில் இருந்தது. தாளாளர் படித்துப் பார்க்காமல் கையெழுத்திட்டார்; எதையும் அவர் அப்படித்தான் செய்வார். ரகுநாத் மட்டும் படித்தார். படித்துவிட்டுத் தாளை என் பக்கம் தள்ளினார். "நாளையிலேருந்து நீ வர வேண்டாம்" என்றார். கையெழுத்து வேண்டுமா வேண்டாமா சார் என்று கேட்டேன். அன்றைக்கு முதல் தடவையாக ஒரு கையெழுத்துப் போட அவர் தயங்கியதைப் பார்த்தேன்.

என் வேலையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. என் மனைவி அருள்ராணி ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியை, அடுப்பு எரியும். போனில் சொன்னேன். "நல்லதாப் போச்சு, இனிமே சாயங்காலம் வந்து அந்தாள் கதையச் சொல்லி என் உசுர வாங்க மாட்டீங்க" என்றாள்.

கட்டுரையை வாங்கிய இதழுக்கு ஹுமா பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே போனில் மின்னஞ்சல் அனுப்பிவிட்டாள், தன் சொந்த முகவரியிலிருந்து. கல்லூரி முகவரியின் பாஸ்வேர்ட் ரகுநாத்திடம் இருந்தது. ஆனால் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் பிரிவுக்கு மின்னஞ்சல் போதாது. அங்கே தாளும் மையும் முத்திரையும் வேண்டும். இல்லாவிட்டால் வரவேயில்லை என்பார்கள். திருமயம் தபால் ஆபீஸுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை பெஞ்சில் மூவரும் உட்கார்ந்தோம். பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தபடி அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று வரிசையாகப் போட்டு ஆரம்பித்தேன். இரண்டு பக்கம் எழுதினேன். ரகுநாத்தைப் பற்றி மட்டும் ஒன்றரைப் பக்கம். கோட்டு, கர்ச்சீப்பு, பதினாறு டிகிரி, எல்லாம் வந்துவிட்டது.

ஹுமா படித்தாள். அவ்வப்போது உதடு துடித்தது. அப்புறம் பேனாவை வாங்கினாள்.

"சார், நல்லாருக்கு. சிரிப்பா வருது. ஆனா அவுங்களும் சிரிச்சிட்டு மூடி வச்சிருவாங்க. நமக்கு மூணே விஷயம்தான். நான் கையெழுத்துப் போடல. என் கணக்கு இது. எனக்கு வேற நெறியாளர் வேணும்."

"அந்தக் கர்ச்சீப்பாவது இருக்கட்டும்மா."

"துடைத்ததுன்னு ஒரு வார்த்தை போதும் சார்."

எனக்கு வருத்தம்தான். ஆனால் அவள் பெயரில் போகிற கடிதம். அவள் பெயரைத்தான் காப்பாற்ற வேண்டும், என் ஆத்திரத்தை இல்லை. ஒரு பக்கத்துக்குள் புதிதாக எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில் நானும் போட்டேன். இத்தனை நாளாக எங்கள் கையெழுத்துக்காக அலைந்த ரகுநாத் பார்த்திருந்தால் இரண்டும் ஒரே தாளில் இருப்பதைப் பார்த்துப் பின்னல் என்று சொல்லியிருப்பார்.

'இணைப்பு' என்ற இடத்தில் அவள் எழுதினாள்: வெள்ளிக்கிழமைகளில் ஏறும் அளவீட்டுக் கோடு, கூட்டக் குறிப்பின் நகல், குங்குமம் வைத்த கண்ணாடித் துண்டு, ஒன்று. கண்ணாடித் துண்டை என் கூட்டக் குறிப்பேட்டின் அட்டையைக் கிழித்து நடுவில் வைத்துச் சுற்றினோம். ஜெகபர் சாதிக் கடையில் பசை வாங்கிவந்தார். உறையின் வாயை அவர்தான் ஒட்டினார், மீன் பெட்டிக்கு டேப் ஒட்டுகிற மாதிரி, ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் கட்டை விரலால் அழுத்தி அழுத்தி. அந்த நேரம் என் போன் அடித்தது. ரகுநாத். அடித்து முடிக்கட்டும் என்று விட்டேன். உடனே ஹுமாவின் போன் அடித்தது. அவளும் விட்டாள்.

"ஒண்ணு அடிச்சா இன்னொண்ணும் அடிக்குதே" என்றார் ஜெகபர் சாதிக்.

"ஒரே ஆளு அடிக்கிறாரு அத்தா. அவ்வளவுதான்."

கவுண்டரில் ரெஜிஸ்டர் தபால் என்றேன். "அதெல்லாம் ஸ்பீட் போஸ்ட்டோட சேந்துருச்சு சார்" என்று எழுத்தர் உறையை வாங்கி எடைத்தட்டில் வைத்தார். கையால் அழுத்திப் பார்த்தார். "உள்ள என்ன? கனமா இருக்கு."

"கண்ணாடி."

"ஒடையிற சாமானா?"

"ஒடைஞ்சாலும் பரவால்லண்ணே. குங்குமம் இருந்தாப் போதும்" என்றாள் ஹுமா.

எழுத்தர் அவளை ஒருமுறை, அவள் முக்காட்டை ஒருமுறை பார்த்தார். பிரசாதம் என்று நினைத்திருக்க வேண்டும். உறையின் மேல் முத்திரையை மெதுவாகவே வைத்தார். பட்டைக் கோடு ஒட்டினார், ரசீதைக் கிழித்து அவளிடம் கொடுத்தார், பின்னால் வாய் திறந்து கிடந்த சாக்குப் பையில் உறையைத் தூக்கிப் போடாமல், எழுந்து போய், உள்ளே வைத்துவிட்டு வந்தார்.